நடுகல்லும் கஞ்சிச் சிரட்டையும்: முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் இனவழிப்புத் தடுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

இனவழிப்புக் குற்றத்திற்கு ஆளானோரை நினைவுகூரவும் அக்குற்றம் மீண்டும் நிகழாமல் தடுக்கவும் டிசம்பர் 9ஆம் நாளை அனைத்துலக நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் அறிவித்தது. நினைவுகூர்தலும் தடுத்தலும் ஒரே நாளில் இணைக்கப்பட்டிருப்பினும், ஒன்று மற்றொன்றுக்குத் தானாக இட்டுச் செல்வதில்லை. எத்தகைய நினைவுகூர்தல் தடுப்புக்குத் துணைசெய்யும் என்னும் வினாவை முள்ளிவாய்க்கால் நினைவேந்தலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழரின் நினைவு மரபு பெரிதும் வீரரை மையமிட்டது. முள்ளிவாய்க்கால் கஞ்சி என்னும் வழக்கமோ படைக்கலம் ஏந்தாத மக்களை மையமிடுகிறது. இம்மாற்றமே தடுப்புக்கான அடிப்படை என்பதும், அத்தகைய நினைவைத் தடைசெய்வது அடுத்த வன்முறைக்கு வழிவிடுவதாகும் என்பதும், பிறர் துயரையும் உள்ளடக்கும்போதே அந்நினைவு முழுமை பெறும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: இனவழிப்பு, நினைவேந்தல், முள்ளிவாய்க்கால், நடுகல், தடுக்கும் கடமை, திருப்பூர்.

முன்னுரை

கொங்கு நாட்டின் ஊர்ப்புறங்களில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும், கால்நடையைக் காக்கப் புலியோடு பொருது வீழ்ந்தவனுக்கும் கல் நட்டு வழிபடும் மரபு இப்பகுதியில் நெடுங்காலம் நிலவியது. புலிகுத்திக்கல் எனப்படும் கற்கள் இன்றைய திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களில் பரவலாகக் கிடைக்கின்றன. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாகப் பகுத்துரைப்பது, இம்மரபின் தொன்மையையும் ஒழுங்கையும் காட்டும்.

இம்மரபு யாரை நினைவில் நிறுத்துகிறது என்பது கருதத்தக்கது. போரிட்டு மாண்டவனுக்குக் கல் உண்டு. போரில் சிக்கி மாண்ட குழந்தைக்கும் முதியவருக்கும் கல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் இனவழிப்புகளில் மாண்டோருள் பெரும்பாலோர் இத்தகையோரே. ஆகவே இனவழிப்பை நினைவுகூர்வதற்கு வீரநிலை மரபு மட்டும் போதாது; வேறொரு நினைவுமுறை தேவைப்படுகிறது. அம்முறை ஈழத்தமிழரிடையே எவ்வாறு உருவானது, அது எதிர்கொள்ளும் தடைகள் யாவை, தமிழ்நாட்டின் தொழில்நகரம் ஒன்றில் வாழ்வோருக்கு அதனால் ஆவது என்ன என்பனவற்றைப் பின்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

சொல்லும் பொருளும்

போலந்து நாட்டு யூத சட்டவியலாளரான ரஃபேல் லெம்கின் 1944இல் வெளியிட்ட நூலில் ‘ஜெனோசைட்’ என்னும் சொல்லை ஆக்கி வழங்கினார். இதற்குத் தமிழில் இனப்படுகொலை, இனவழிப்பு, இனக்கொலை என்னும் சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டு இதழ்களில் ‘இனப்படுகொலை’யும் ஈழத்து எழுத்துகளில் ‘இனவழிப்பு’ம் மிகுதியாகப் பயில்கின்றன. இவை முற்றிலும் ஒருபொருட் சொற்கள் அல்ல. ‘படுகொலை’ உயிர்ப்பறிப்பைச் சுட்டும். ‘அழிப்பு’ ஒரு குழுவின் மொழி, நூலகம், வழிபாட்டிடம், வாழிடம் ஆகியவை சிதைக்கப்படுவதையும் உள்ளடக்கும். லெம்கின் கருதியது இவ்விரிந்த பொருளையே.

எனினும் 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனவழிப்பு உடன்படிக்கை பண்பாட்டழிப்பைத் தனிக் குற்றமாகச் சேர்க்கவில்லை. தேசிய, இன, மரபின, சமயக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் ஐவகைச் செயல்களை அதன் இரண்டாம் உறுப்பு வரையறுக்கிறது. 1981 மே இறுதியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்த வன்முறையின்போது ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட நிகழ்வைத் தமிழர் இனவழிப்பின் ஒரு கண்ணியாகவே கருதுவர். உடன்படிக்கையின் சொற்களுக்குள் அது தனித்து அடங்காது. சட்டத்தின் வரையறைக்கும் மக்களின் நினைவுக்கும் உள்ள இந்த இடைவெளி ஆய்வாளர் மறக்கலாகாத ஒன்றாகும். சொல்லின் விரிந்த பொருளைக் கருதி இக்கட்டுரையில் ‘இனவழிப்பு’ என்னும் வடிவமே கையாளப்படுகிறது.

தடுக்கும் கடமை

உடன்படிக்கையின் பெயரிலேயே ‘தடுத்தல்’ முதலிலும் ‘தண்டித்தல்’ அடுத்தும் இடம்பெறுகின்றன. ஆயினும் நெடுங்காலம் தண்டித்தலே பேசப்பட்டது. தடுத்தலுக்குச் சட்டப்பொருள் வழங்கிய திருப்பம் 2007 பிப்ரவரி 26 அன்று நேர்ந்தது. சிரெப்ரெனிசாவில் 1995 ஜூலையில் நிகழ்ந்தது இனவழிப்பே என்றும், அதனைத் தடுக்கும் கடமையில் செர்பியா தவறியது என்றும் பன்னாட்டு நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. கடுமையான ஆபத்து இருப்பதை ஓர் அரசு அறிந்த கணத்திலேயே, அல்லது இயல்பாக அறிந்திருக்க வேண்டிய கணத்திலேயே, தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இக்கடமைக்கு முன்னறிவு தேவை; முன்னறிவுக்குக் கடந்தகாலம் பற்றிய தெளிவு தேவை. ஐ.நா. 2014இல் வெளியிட்ட கொடுங்குற்றங்களுக்கான பகுப்பாய்வுச் சட்டகம் 14 ஆபத்துக் காரணிகளை வகுத்தது. முன்னர் நிகழ்ந்த கடும் உரிமை மீறல்களும் அவற்றுக்குப் பொறுப்புக் கூறப்படாத நிலையும் அவற்றுள் அடங்கும். எனவே நடந்ததை மறுப்பதும் மறைப்பதும் பழைய குற்றத்தின் பின்விளைவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. புதிய குற்றத்தின் முன்னறிகுறியாகவும் அமைகின்றன. உடன்படிக்கை ஏற்கப்பட்ட அதே டிசம்பர் 9ஐ 2015 செப்டம்பர் 11ஆம் நாள் தீர்மானத்தின் வழி நினைவுக்கும் தடுப்புக்கும் உரிய நாளாக ஐ.நா. தேர்ந்ததன் தருக்கம் இதுவே.

வன்னி, 2008–2009: தடுப்பின் தோல்வி

இலங்கை 1950இலும் இந்தியா 1959இலும் இவ்வுடன்படிக்கையில் இணைந்தன. அவ்வாறிருந்தும் வன்னியில் தடுப்பு தோற்றது. அரசு விடுத்த அறிவிப்பைத் தொடர்ந்து 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். 2009 ஜனவரி முதல் அரசு அடுத்தடுத்து அறிவித்த ‘போர் தவிர்ப்பு வலயங்கள்’ மேன்மேலும் சுருங்கி முல்லைத்தீவுக் கடற்கரையின் குறுகிய மணற்பரப்பில் முடிந்தன. அவ்வலயங்களும் மருத்துவமனைகளும் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதை ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றோரைச் சுட்டதையும், கட்டாய ஆட்சேர்ப்பில் ஈடுபட்டதையும் அதே அறிக்கை சுட்டியது.

சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக மீளாய்வு 2012 நவம்பரில் வெளியானது. களத்திலிருந்த ஐ.நா. அலுவலர் உயிரிழப்பு விவரங்களைத் திரட்டியிருந்தும் அவை உரிய காலத்தில் பொதுவெளியில் வைக்கப்படவில்லை என்பதை அது வெளிக்கொணர்ந்தது. அமைப்பு முழுவதும் தவறியதாகவே அம்மீளாய்வு கண்டது. ருவாண்டாவில் 1994இல் நேர்ந்த தோல்விக்குப் பின் ஏப்ரல் 7ஐ நினைவு நாளாக ஐ.நா. கடைப்பிடித்து வந்த காலத்திலேயே வன்னி அழிந்தது. ஆகவே ஆண்டுதோறும் சடங்காக நினைவுகூர்வது மட்டும் தடுப்பாகிவிடாது என்பதற்கு ஐ.நா.வின் சொந்த ஆவணமே சான்றாகிறது.

எண்ணிக்கையின் அரசியல்

இறுதிக்கட்டப் போரில் மாண்டோர் எத்தனை பேர் என்பது இன்றளவும் தீர்க்கப்படாத வினா. வல்லுநர் குழு 40,000 வரையிலான பொதுமக்கள் இறப்பைப் புறந்தள்ள இயலாது என்றது. பெட்ரி மீளாய்வு 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வராததைக் குறிப்பிட்டது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அரச அலுவலகப் புள்ளிவிவரங்களையே எடுத்துவைத்தார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். போரின் பின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதே அவர் எழுப்பிய வினா.

இம்மூன்று எண்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. முதலாவது இறப்பு மதிப்பீடு. ஏனைய இரண்டும் கணக்கில் வராதோரைச் சுட்டுவன. ஆய்வாளர் இவற்றை ஒன்றோடொன்று குழப்பலாகாது. எனினும் இவ்வளவு பெரிய வேறுபாடு நிலவுவதே, இறந்தோரை முறையாக எண்ணும் பணி மறுக்கப்பட்டதற்குச் சான்று. எண்ணப்படாதோருக்கு இறப்புப் பதிவில்லை, பெயர்ப் பட்டியலில்லை. காணாமற்போனோரின் உறவினர் 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர்போராட்டமும், செம்மணியில் 2025இல் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டமையும் அவ்வெண்ணும் பணி இன்னும் முடியவில்லை என்பதை உணர்த்துகின்றன.

சட்டநிலையைப் பொறுத்தவரை தெளிவு தேவை. வன்னியில் நிகழ்ந்ததை இனவழிப்பென எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் இதுவரை தீர்ப்பளிக்கவில்லை. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை போர்க்குற்றங்களும் மானுடத்திற்கெதிரான குற்றங்களும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற அளவில் நின்றது. பிரேமனில் 2013 டிசம்பரில் கூடிய மக்கள் தீர்ப்பாயமும், 2015 பிப்ரவரி 10 அன்று வட மாகாண சபையும், 2022 மே 18 அன்று கனடிய மக்களவையும் அதனை இனவழிப்பு என ஏற்றன. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை நினைவுகூரலாகாது என்பதற்கு எந்தச் சட்ட அடிப்படையும் இல்லை. தடுக்கும் கடமையே தீர்ப்புக்குக் காத்திராமல் ஆபத்தை அறிந்தவுடன் தொடங்குவதாயின், நினைவும் அவ்வாறே எனலாம்.

வீரர் நினைவிலிருந்து மக்கள் நினைவுக்கு

போருக்கு முன்னரும் ஈழத்தில் வலுவான நினைவு மரபு இருந்தது. நவம்பர் 27 மாவீரர் நாளும் துயிலும் இல்லங்களும் நடுகல் மரபின் நேரடித் தொடர்ச்சியாக அமைந்தன. கல், விளக்கு, வீரரின் பெயர் ஆகியவையே அவற்றின் கூறுகள். போர் முடிந்தபின் துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. கோப்பாயில் அவ்விடத்தின் மேல் படைத்தலைமையகமே எழுந்தது.

மே 18 நினைவேந்தலின் இயல்பு வேறு. அதன் முதன்மைக் குறியீடு கஞ்சி. முற்றுகையின் இறுதி மாதங்களில் உணவும் மருந்தும் அரிதானபோது அரிசியையும் நீரையும் உப்பையும் கொண்டு காய்ச்சிய கஞ்சியே மக்களின் உயிர் காத்தது. ஆண்டுதோறும் மே நடுப்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரங்களிலும் கோயில் முற்றங்களிலும் அதே கஞ்சி காய்ச்சிச் சிரட்டைகளில் வழங்கப்படுகிறது. பாலும் வெல்லமும் சேர்த்துச் சுவை கூட்டுவது அதன் பொருளுக்கே மாறானது.

நடுகல்லோடு ஒப்பிடுகையில் மூன்று வேறுபாடுகள் புலனாகின்றன. முதலாவதாக, கல் வீரச்சாவைப் போற்றுகிறது. கஞ்சியோ பசியோடு உயிர்வாழ முயன்றோரின் நிலையைச் சொல்கிறது. இரண்டாவதாக, கல்லுக்கு ஒருவரின் பெயர் வேண்டும். பெயர் பதியப்படாத ஆயிரக்கணக்கானோருக்கும் கஞ்சி உரியது. மூன்றாவதாக, கல்லை இடிக்கலாம். கஞ்சியை எந்த அடுப்பிலும் காய்ச்சலாம். அனைத்துலக நாளின் முழுப்பெயரில் இறந்தோரின் ‘மாண்பு’ என்னும் சொல் இடம்பெறுவதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அம்மாண்பு வீரத்தால் ஈட்டப்படுவதன்று. மனிதராய்ப் பிறந்தமையாலேயே உரியது. அக்கருத்தை எந்தக் கோட்பாட்டு மொழியும் இன்றி ஒரு சிரட்டைக் கஞ்சி உணர்த்திவிடுகிறது.

நினைவுக்கு இடப்படும் தடைகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுப்பப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் போராட்டத்தாலும் வடக்கு கிழக்கில் நடந்த கடையடைப்பாலும் சில நாள்களிலேயே மீண்டும் அடிக்கல் நடப்பட்டு அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மறுபடி எழுந்தது. அடுத்த மாதமே முள்ளிவாய்க்கால் கடற்கரை நினைவிடம் சேதப்படுத்தப்பட்டது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உள்ளிட்டோர் கைதாயினர். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த இலங்கை இயற்றிய சட்டமே அக்கைதுக்குப் பயன்பட்டது. உரிமையைக் காக்கப் பிறந்த சட்டம் துயருரிமையை மறுக்கும் கருவியானது.

இலங்கை அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, மோதலில் உயிரிழந்த அனைவருக்கும் துயர் தெரிவிக்கும் தனி நிகழ்வைத் தேசிய நாளன்று நடத்துமாறு 2011இல் பரிந்துரைத்ததை இவற்றோடு சேர்த்து நோக்க வேண்டும். துயருறுவது நல்லிணக்கத்திற்கு ஊறு என்பது அவ்வாணைக்குழுவின் கருத்தன்று.

தமிழ்நாட்டிலும் தடைகள் இல்லாமலில்லை. தஞ்சாவூரை அடுத்த விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் 2013 நவம்பரில் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் அதன் சுற்றுச்சுவர் ஆக்கிரமிப்பு எனக் கூறி இடிக்கப்பட்டது. சென்னை மெரினாவில் 2017 மே மாதம் நினைவேந்த முயன்ற மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்டோர் குண்டர் சட்டத்தின்கீழ்ச் சிறைவைக்கப்பட்டனர். அவ்வாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டே நீக்கியது. இரு நாடுகளின் அரசியல் சூழல் வேறாயினும், பொதுவெளித் துயரத்தை ஒழுங்குச் சிக்கலாக மட்டும் காணும் நிருவாகப் பார்வை இரண்டிலும் ஒத்திருக்கிறது.

இதற்கு மாறான ஒரு வழியைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் காட்டியது. மே 18இல் முடியும் ஏழு நாள்களைத் தமிழ் இனவழிப்புக் கல்வி வாரமாக அங்கு 2021இல் இயற்றப்பட்ட சட்டம் அறிவித்தது. அதனை எதிர்த்த மேல்முறையீட்டை மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் தள்ளுபடி செய்தது. பிராம்ப்டன் நகரில் 2025 மே மாதம் நினைவுச்சின்னமும் எழுந்தது. இவற்றுள் தடுப்புக்கு நெருக்கமானது சின்னத்தினும் கல்வி வாரமே. நேரில் அறியாத தலைமுறைக்கு நினைவைக் கற்றறியத்தக்கதாக அது மாற்றுகிறது.

பிறர் துயரும் நம் நினைவும்

தன்னினத்தின் இழப்பை மட்டும் எண்ணும் நினைவு அடுத்த பகைமைக்கு எருவாகக்கூடும். 1990 அக்டோபரில் வட மாகாண முசுலிம் மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணிநேர அவகாசமே. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அவர்களும் தமிழ் பேசும் மக்களே. நம் மே மாத நினைவேந்தல்களிலும் ஆய்வரங்குகளிலும் இந்நிகழ்வுகளுக்கு உரிய இடம் அரிதாகவே வாய்க்கிறது.

இவற்றைச் சேர்த்துப் பேசுவது முள்ளிவாய்க்காலின் அளவைக் குறைப்பதாகாது. குற்றங்களைச் சமன்செய்வதும் ஆகாது. ஒரு குழுவினரை அவர்தம் பிறப்பு காரணமாகவே நிலத்திலிருந்து பெயர்ப்பது தவறு என்னும் நெறி, செய்தவர் யாராயினும் மாறாது. அந்நெறியை நம் தரப்பிற்கும் பொருத்தும்போதே பிறர்முன் நம் கோரிக்கை வலுப்பெறும்.

தடுப்பின் உள்ளூர் முகம்: திருப்பூர்

தடுப்பு ஜெனிவாவிலும் தி ஹேகிலும் மட்டும் நிகழ்வதன்று. பல்லடம் சாலையை ஒட்டிய வீரபாண்டி உள்ளிட்ட திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்பகுதிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களின் தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அச்சம் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றியது. காவல்துறை அக்காணொளிகள் பொய்யென உடனே விளக்கி வழக்குகள் பதிந்தது. மாவட்ட நிருவாகம் உதவி எண்களை அறிவித்தது. பீகார் அரசின் குழு திருப்பூருக்கு நேரில் வந்து தொழிலாளரைச் சந்தித்தது. வதந்தி வன்முறையாக வெடிக்கவில்லை.

இந்நிகழ்வை இனவழிப்போடு ஒப்பிடுவது மிகை. ஆயினும் வதந்தியின் ஆற்றலைக் கொழும்பு முன்பே கண்டிருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளை அடையாளம் கண்டன. வன்முறை சற்றுத் தணிந்திருந்த நிலையில், புலிகள் கொழும்புக்குள் நுழைந்துவிட்டனர் என்னும் பொய்ச்செய்தி ஜூலை 29 அன்று பரவ, கொலைகள் மீண்டும் நிகழ்ந்தன. அங்குப் பொய்யை மறுக்க வேண்டிய அரசு காலம் தாழ்த்தியது. இங்கு விரைந்து மறுத்தது. வேற்று மொழி பேசும் தொழிலாளரை இழிபெயரால் அழைப்பது நகைச்சுவையாகக் கொள்ளப்படும் சூழலில், கறுப்பு ஜூலையை நினைவுகூரும் தமிழரே அதனை முதலில் கண்டிக்கக் கடமைப்பட்டவர்.

சட்டத்திலும் ஒரு குறை உண்டு. இந்தியா உடன்படிக்கையை ஏற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் உள்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இனவழிப்பு தனிக் குற்றமாக இடம்பெறவில்லை. 1984ஆம் ஆண்டின் சீக்கியர் படுகொலை வழக்கொன்றில் தில்லி உயர்நீதிமன்றம் 2018 டிசம்பரில் இக்குறையை வெளிப்படையாகச் சுட்டியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனை நிரப்பவில்லை. ஈழத்திற்கு நீதி கோரும் தமிழ்நாட்டுக் குரல்கள் இச்சட்டக் குறையை நீக்கவும் எழ வேண்டும்.

முடிவுரை

நினைவேந்தல் தடுப்புக்கு உதவ மூன்று நிபந்தனைகள் தேவை என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படுகிறது. இறந்தோர் எண்ணப்பட்டுப் பெயர் பதியப்பட வேண்டும். துயரத்தைப் பொதுவெளியில் வெளிப்படுத்தும் உரிமை தடையின்றி இருக்க வேண்டும். நினைவு, நம்மவரால் பாதிக்கப்பட்டோரையும் நம்மிடையே வாழும் பிறரையும் உள்ளடக்க வேண்டும். முதலிரண்டு நிபந்தனைகளுக்கு அரசுகள் பொறுப்பு. மூன்றாவதற்கு நாமே பொறுப்பு.

ஆய்வாளர் செய்யத்தக்க பணிகளும் உள. தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஈழத்தமிழரின் வாய்மொழி வரலாறுகளை, அவர்தம் இசைவோடும் பாதுகாப்போடும் தொகுத்தல் அவற்றுள் தலையாயது. வட மாகாண முசுலிம் மக்களின் வெளியேற்றம் குறித்த தமிழ்ப் பதிவுகளை வரலாற்றுப் பாடத்திட்டத்துள் கொணர்தல் மற்றொன்று. நேரில் கண்டோர் முதுமையடைந்து வரும் இக்காலத்தில் இப்பணிகளைத் தள்ளிப்போட இயலாது.